ஒழுகாத குடம்

அறுபதுகளின் பிற்பாதியில் அந்த ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு டாக்டர் தனசேகரன் செல்களின் மனிதர். எலியின் நுரையீரலை வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவி, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்து, காற்றறைகளின் சுவரில் எந்தச் செல் என்ன செய்கிறது என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சைப் பற்றி அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். ஆனால் ஓர் ஆளை உட்கார வைத்து, ஊதச் சொல்லி, அந்த மூச்சை அளக்கும் வேலைக்கு மட்டும் ஆள் சிக்கமாட்டார். அந்தக் கருவி இருந்த கோடி அறைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. ஏன் என்று மாணவர்கள் கேட்டால், "எனக்கு ஆஸ்துமா. அந்த ரூம்ல தூசி ஜாஸ்தி" என்பார். ஆஸ்துமா உண்மைதான். தூசி என்பது பொய். அந்த அறையை ஆய்வுக்கூட உதவியாளர் முகம்மது யூசுப் தினமும் துடைத்துக்கொண்டிருந்தார்.

சின்ன வயதிலிருந்தே தனசேகரனுக்கு இழுப்பு. மழைக்காலத்தில் தலையணையை மடியில் வைத்து அதன் மேல் கவிழ்ந்து விடிய விடிய உட்கார்ந்திருந்த பிள்ளை. பசித்தவனுக்குத்தான் சோற்றின் அருமை தெரியும் என்பார்கள். மூச்சுக்குத் தவித்தவர் மூச்சையே படித்தார். லண்டன் வரை போய்ப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு 1953இல் சிங்கப்பூருக்குத் திரும்பியபோது அவரிடம் ஒரு கோபமும் இருந்தது.

கோபத்துக்குக் காரணம் ஓர் அட்டவணை. இன்ன உயரம், இன்ன வயது என்றால் ஆரோக்கியமான மனிதனின் நுரையீரல் இவ்வளவு காற்றுப் பிடிக்க வேண்டும் என்று வெள்ளைக்காரர்களை ஊதச் சொல்லி எழுதிய அட்டவணை அது. அதையே இங்கும் வைத்துப் பார்த்தார்கள். முதுகில் மூட்டையோடு படகிலிருந்து கரைக்குப் போட்ட பலகையில் ஓடுகிற துறைமுகத்து ஆள், அந்த அட்டவணைப்படி அரை நோயாளி. ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் தூக்குகிறவனும் அரை நோயாளி. "நம்ம ஊரு மனுசனோட மூச்சுக்கு நம்ம ஊரு அளவு வேணும்" என்று தனசேகரன் மேசையைத் தட்டினார். அந்த அளவைத் தாமே எழுதுவது என்று உட்கார்ந்தார்.

கருவி ரொம்பச் சிக்கலானதல்ல. ஒரு தொட்டியில் தண்ணீர். அதில் தலைகீழாகக் கவிழ்ந்து மிதக்கும் ஓர் உலோகப் பாத்திரம். ரப்பர் குழாய் வழியாக ஊதினால் காற்று பாத்திரத்துக்குள் போய் அதைத் தூக்கும். குழாயிலுள்ள திருகை மூடிவிட்டால் காற்று வெளியேறாமல் பாத்திரம் அங்கேயே நிற்கும். பாத்திரத்தோடு ஒரு சங்கிலி; சங்கிலி கப்பி மேல் ஓடும்போது பேனா ஒன்று காகிதத்தில் கோடு இழுக்கும். கோடு எவ்வளவு உயரமோ அவ்வளவு மூச்சு.

இப்படிப்பட்ட கருவிகளைத் தினமும் நம்ப முடியாது. குழாய் இற்றுப்போகும், திருகு தளரும். அதனால் ஆரோக்கியமான ஒரே ஆளைக் குறிப்பிட்ட நாளில் ஊதச் சொல்லி, போன வாரம் வந்த அளவே வருகிறதா என்று பார்ப்பது ஆய்வுக்கூடங்களில் வழக்கம். பெரும்பாலும் ஆய்வாளரே ஊதிவிடுவார். தனசேகரனின் மூச்சோ இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. யூசுப் சுருட்டுப் பிடிப்பவர். ஆகவே வீட்டைப் பார்த்தார். வீட்டில் பூவம்மா இருந்தாள்.

கல்யாணமாகி இரண்டு வருடம். டிக்சன் ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தார்கள். ஒரு தலைவலி என்று படுத்தவளில்லை. தேக்கா மார்க்கெட்டிலிருந்து இரண்டு கையிலும் பையோடு செங்குத்தான அந்த மரப்படியைப் பாடிக்கொண்டே ஏறுகிறவள். அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் தனசேகரனுக்கு யோசனையே வந்தது.

கருவியைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "எதுக்குக் குடத்தக் கவுத்து வச்சிருக்கீங்க?" என்பதுதான். இரண்டாவது, வாயில் வைக்கும் குமிழைப் பற்றி.

"இதுல எத்தன பேரு வாய் வச்சாங்க?"

"கொதிக்கிற தண்ணில போட்டு எடுத்துடுவோம்மா" என்றார் யூசுப்.

"கொதிக்க வச்சா எச்சில் போயிடுமா பாய்? நான் வைக்க மாட்டேன்."

லண்டன் பட்டம் அந்த ஒரு சொல்லுக்கு முன்னால் என்ன செய்யும்? அவளுக்கென்று புதுக் குமிழ் ஒன்று வந்தது. வேறு யாரும் எடுத்துவிடாமல் அதில் அவளே ஒரு சிவப்பு நூலைக் கட்டினாள். வெள்ளிக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு, பஸ் ஏறி, அடுக்குச் சட்டியோடு ஆய்வுக்கூடத்துக்கு வருவாள். ஊதுவாள். இரண்டே முக்கால் லிட்டர். பிறகு மூன்று பேரும் இடியாப்பம் சாப்பிடுவார்கள். யூசுப் வெள்ளிக்கிழமை வீட்டில் பசியாறாமல் வருவதற்கு அதுதான் காரணம்.

"என்னங்க, மார்க்கு எவ்வளவு?" என்று கேட்பாள்.

"ரெண்டே முக்கால்."

"பாஸா?"

"நீதான் பரீட்சையே. உனக்கு ஏது பாஸ், ஃபெயில்?"

பெருமையாகச் சொன்ன வார்த்தை அது. பிற்பாடு அதை நினைத்து அவர் பட்ட பாட்டை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அளக்கத் தொடங்கிய மூன்றாவது வருடத்தின் கடைசியில் பூவம்மாவின் கோடு கொஞ்சம் கீழே நின்றது. மறுவாரமும் அங்கேதான் நின்றது. தனசேகரனும் யூசுப்பும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கருவியைக் கழற்றினார்கள்.

"இந்த ஊரு வெக்கைக்கு ரப்பர் நிக்காது லா, சார். எங்கேயோ ஒழுகுது" என்றார் யூசுப்.

குழாயை மாற்றினார்கள். திருகுக்கு மசகு போட்டார்கள். கோடு ஏறவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒழுகல் என்று தனசேகரன் முடிவு கட்டினார். அதற்கு ஒரு திருத்தம் போட்டார். கருவி காட்டும் எண்ணைச் சற்றே பெருக்கினால் பூவம்மாவின் இரண்டே முக்கால் திரும்ப வந்துவிடும். அதே பெருக்கலை அந்த வாரம் ஊதிய எல்லோருக்கும் போட்டார். சில மாதம் கழித்துக் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. திருத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். இப்படியே போனது. கருவி ஒழுகும் என்று நினைத்தாரே தவிர, மனைவி குறைவாள் என்று அவர் மனம் ஒரு தடவைகூட நினைக்கவில்லை. அளவுகோல் எங்காவது தேயுமா?

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. திருத்தம் ஏற ஏற, ஊர் மக்களின் மூச்சும் ஏட்டில் ஏறியது. துறைமுகத்து ஆட்களும், கடைச் சிப்பந்திகளும், நர்சுகளும் வெள்ளைக்காரன் அட்டவணையை எட்டிப் பிடித்தார்கள். தனசேகரன் இத்தனை காலம் எதைக் கேட்க ஆசைப்பட்டாரோ அதையே எண்கள் சொல்லின. நோயாளி விரும்பியதும் பால், வைத்தியர் சொன்னதும் பால். சந்தேகம் எப்படி வரும்? வீட்டுக்கு வந்து குதூகலமாகச் சொன்னார்.

"அப்ப நாம ஒண்ணும் சளச்சவங்க இல்ல" என்று பூவம்மாவும் மகிழ்ந்தாள். சொல்லிவிட்டு இருமினாள். தாளிப்பு வாசம் என்றாள்.

அவள் சொல்லாமல் இல்லை.  "என்னங்க, மாடி ஏறுனா மூச்சு வாங்குது" என்று ஒருநாள் சொன்னாள். இன்னொரு நாள், கோயிலைச் சுற்றும்போது பாதியில் உட்கார வேண்டியிருந்தது என்றாள்.

"வெள்ளிக்கெழமதானே ஊதுன? ரெண்டே முக்கால். மொத மொதல்ல ஊதுனப்ப என்னவோ அதேதான் இப்பவும். கொஞ்சம் வெயிட் போட்டுட்ட, அவ்வளவுதான்."

அவள் நம்பினாள். படித்தவர், அதிலும் இதையே படித்தவர் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? டாக்டரிடம் காட்டச் சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம், "வீட்லயே ஆள் இருக்கு, வாராவாரம் பாக்குறாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

படியில் பாட்டு நின்றுபோனது. காய்கறிக்காரன் வந்தால் கீழே இறங்காமல், ஜன்னலிலிருந்து கூடையைக் கயிற்றில் கட்டி, கடைமுன் நடைபாதையான அஞ்சடிக்கு இறக்க ஆரம்பித்தாள். தனசேகரன் அதைப் பார்த்தார். நல்ல வசதியாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார். ஊர் முழுவதன் மூச்சையும் காது கொடுத்துக் கேட்ட மனிதருக்குத் தன் வீட்டுப் படியில் பாட்டு நின்றது காதில் விழவில்லை. விளக்கடியில்தான் இருட்டு.

1961இல் வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே எஃகில் செய்த பெரிய பம்ப். இழுத்துத் தள்ளினால் சரியாக மூன்று லிட்டர் காற்றைக் கக்கும். கருவியைச் சோதிக்க இனி ஆள் வேண்டாம் என்பதுதான் அதன் பெருமை.

தனசேகரன் தள்ளினார். திருத்தத்தோடு கணக்குப் போட்டால் நாலேகால் லிட்டர் வந்தது.

"பம்ப் சரியில்ல பாய்."

பம்பில் தண்ணீரை நிரப்பி யூசுப் அளந்தார். மூன்று லிட்டர். மறுபடி தள்ளினார்கள், மறுபடியும் நாலேகால். அப்புறம்தான் தனசேகரன் திருத்தத்தை எடுத்துவிட்டு, கருவி காட்டியதை மட்டும் பார்த்தார். மூன்று. ஒரு சொட்டு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கருவி எந்தக் காலத்திலும் ஒழுகவில்லை.

அப்படியானால் இத்தனை வருடமாகக் குறைந்துகொண்டு வந்தது எது?

யூசுப் ஏதோ கேட்டார். தனசேகரன் காதில் விழவில்லை. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ரோட்டுக்கு ஓடி டாக்ஸி பிடித்தார்.

வீட்டுக்குள் வந்தவர் பூவம்மாவைத் திரும்பி உட்காரச் சொல்லி அவள் முதுகில் காதை வைத்தார். ஸ்டெதாஸ்கோப் தேடவில்லை. அவள் மூச்சை உள்ளே இழுத்தபோது, எண்ணெயில் கடுகு பொரிகிற மாதிரி அடி முதுகில் பொடிப் பொடியாகச் சத்தம் கேட்டது. அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். விரல் நுனிகள் உருண்டு, நகங்கள் கவிழ்ந்திருந்தன. நாட்பட்ட நுரையீரல் நோயின் அடையாளம்; ஒரே நாளில் வருகிற மாற்றமல்ல அது. அந்தக் கை பரிமாறிய சோற்றைத்தான் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எத்தன நாளா இப்படி?"

"நான்தான் சொன்னேனே."

"எப்ப சொன்ன?"

பூவம்மா அவர் முகத்தையே பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று அவளுக்கு மெல்லப் புரிந்தது. அவள் படிக்காதவளே தவிர, புத்தியில்லாதவளல்ல.

"நான் சொன்னத நம்பல. குடம் சொன்னத நம்புனீங்க" என்றாள்.

அவர்மேல் அவள் சொன்ன குற்றம் அது ஒன்றுதான். அதை இன்னொரு தரம் சொல்லவும் இல்லை. ஒரு தரம் போதாதா?

மார்பு நோய் டாக்டர் மாணிக்கம் தனசேகரனின் நண்பர். படம் எடுத்தார். சின்ன அறுவை செய்து நுரையீரலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தார். காற்றறைச் சுவர்களில் தழும்பு ஏறி, நுரையீரல் இறுகிக்கொண்டே வருகிறது என்றும், எதனால் என்று யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார்.

"முன்னாடியே கூட்டிக்கிட்டு வந்திருந்தா?" என்று தனசேகரன் கேட்டார்.

மாணிக்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்டீராய்டு சில பேருக்குக் கேக்குது, சில பேருக்குக் கேக்கல. ஆரம்பத்துலயே குடுத்திருந்தா... சொல்ல முடியாது, தனசேகரன்."

காப்பாற்றியிருக்க முடியாது என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பார். முடிந்திருக்கும் என்று சொல்லியிருந்தால் தம்மையே அடித்துக்கொண்டிருப்பார். சொல்ல முடியாது என்பதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வான்? சாகும்வரை கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடமே ஒரு கூட்டத்தில் எழுந்து, தம்முடைய அட்டவணை தவறு, யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தார். எட்டு வருட உழைப்பு. ஏன் தவறு என்று ஒருவர் கேட்டதற்கு, "என் தப்பு" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். பூவம்மாவின் பேரைச் சொல்ல நாக்கு எழவில்லை. பூவம்மாவின் நுரையீரல் துணுக்கை வைத்த கண்ணாடிச் சிலைடை மாணிக்கத்திடம் கேட்டு வாங்கிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். சல்லடை மாதிரி இருக்க வேண்டிய இடம் கட்டி கட்டியாக அடைத்துக்கிடந்தது. இது எந்தச் செல்லில் தொடங்குகிறது என்ற கேள்வி அங்கே பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்த உத்தியோக காலம் முழுவதும் எலிகளின் செல்களுக்குள் குனிந்து கிடந்தது அந்தக் கேள்விக்காகத்தான். நல்ல கட்டுரைகள் எழுதினார், வெளிநாட்டில் மேற்கோள் காட்டினார்கள். தொடங்கும் இடம் மட்டும் அகப்படவில்லை.

மருந்து பூவம்மாவுக்குக் கேட்கவில்லை. முகம் மட்டும் ஊதியது. படி ஏறி இறங்க முடியாமல் மாடியிலேயே இருந்தாள். தனசேகரன் சமைத்தார். உப்பு போடாமல் ஒருநாளும், இரண்டு தடவை போட்டு ஒருநாளும் அவர் கொண்டுவருவதைச் சாப்பிட்டுவிட்டு, "உங்க சாம்பாருக்கும் ஒரு திருத்தம் போடுங்க" என்பாள். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரிப்பாள்.

1962 மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குளித்துப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்ன அங்க கூட்டிக்கிட்டுப் போங்க. ஒரே ஒரு தடவ ஊதிட்டு வந்துடறேன்."

"எதுக்கு பூவம்மா? வேணாம்."

"அந்தக் குடம்தான் எனக்கு எப்பவும் நல்ல மார்க்கு போட்டுச்சு. போற நேரத்துல அதுகிட்டயும் சொல்லிக்கணும்ல?"

அவளை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். ஆய்வுக்கூடத்தில் யூசுப் குமிழை எடுத்து வைத்திருந்தார். சிவப்பு நூல் வெளுத்துக்கிடந்தது. பூவம்மா அதை வாயில் பொருத்தி, இழுக்க முடிந்ததை இழுத்து, ஊதினாள். பாத்திரம் ஒரு அசைவு அசைந்து கொஞ்சமே எழும்பி நின்றது. தனசேகரன் பழக்கத்தில் திருகை மூடினார். உள்ளே போன காற்றின் சூடு தணிந்து பாத்திரம் ஓரிடத்தில் நிலைத்ததும், யூசுப்பும் பழக்கத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"மார்க்கு எவ்வளவு?"

தனசேகரன் பாத்திரத்தைப் பார்க்காமல் சொன்னார். "ரெண்டே முக்கால்."

பூவம்மா பாத்திரத்தைப் பார்த்தாள். அது நிற்கும் உயரத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் ஊதியவளுக்கு அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாதா?

"அப்ப இன்னிக்குக் குடம் ஒழுகல" என்றாள்.

சொல்லிவிட்டு அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.  இடியாப்பம் வாங்கித் தரச் சொன்னாள். வாங்கி வருவதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. கருவியை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையை அவள் பார்க்கவில்லை.

பிள்ளை இல்லாததால் கொள்ளி வைத்தது தனசேகரன்தான். தோளில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு சிதையைச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுற்றுக்கும் பின்னால் வந்தவர் அரிவாள் நுனியால் குடத்தில் ஓர் ஓட்டை போட்டார். தண்ணீர் அவர் முதுகில் ஒழுகியது. குடத்தைப் பின்பக்கமாகப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்கள். வந்தார். ஆஸ்துமா வரும், ஜாக்கிரதை என்று யாரோ துண்டால் முதுகைத் துடைத்துவிட்டார்கள். அன்றைக்கென்று பார்த்து ஆஸ்துமாவும் வரவில்லை. மூச்சு தங்குதடையில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது, வெட்கம் கெட்ட மூச்சு.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் காலையில் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். கோடி அறைக் கதவை யூசுப் திறந்துவிட்டார். அவள் உட்கார்ந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. குமிழ் குழாயிலேயே இருந்தது. தொட்டியில் பாத்திரம் அந்த வெள்ளிக்கிழமை எழும்பிய உயரத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"நீங்க வரட்டும்னு ஒண்ணையும் தொடல, சார்."

 தனசேகரனின் மனத்தைத் தேற்ற வேண்டும், என்ன சொல்லித் தேற்றுவது என்று யூசுப்புக்குத் தெரியவில்லை. பாத்திரத்தின் அருகே குனிந்து பென்சில் கோட்டைப் பார்த்தார். அவருக்கே வியப்பாக இருந்தது.

"பாருங்க சார், கோடு போட்ட எடத்துலயே நிக்குது. இத்தன நாளாகியும் எறங்கல. நல்ல மெஷின், சார். ஒழுகவே இல்ல."

நல்ல மனிதர். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

தனசேகரன் கையை நீட்டித் திருகைத் தொட்டார். திருப்ப முடியவில்லை. திறந்தால் போய்விடும். திறக்காமல் எத்தனை நாள் வைத்திருப்பது? வெளியே வேறோர் ஆய்வுக்காக ஊதுவதற்கு ஆட்கள் வந்து காத்திருந்தார்கள்.

"நீங்களே திறந்துடுங்க பாய். நான் வெளியில நிக்கிறேன்."

சிவப்பு நூல் கட்டிய குமிழைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைக்கவில்லை. உள்ளே யூசுப் திருகைத் திறக்கும் சத்தம் கேட்டது. கப்பியில் சங்கிலி ஓடும் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஓடவில்லை. அவளிடம் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.